எண்ணூர்ப் பக்கம் அமோனியா கசிந்தால்

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு செல்லும் கடலடிக் குழாய் கசிந்து, மக்கள் மூச்சுத்திணறித் தெருவுக்கு ஓடினார்கள். ஓடும் திசைதான் முக்கியம். காற்றடிக்கும் போக்கிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும், குறுக்காக விலகுங்கள். மூக்கில் ஈரத்துணி கட்டுங்கள், கொஞ்சமாவது தாங்கும்.

அமோனியா காற்றைவிட லேசானதுதான். ஆனால் குளிர்ந்த திரவமாகக் கசிந்தால் வெண்புகையாகத் தரையோடு படரும், அதில் ஏமாறக்கூடாது. தீயணைப்பாளர்கள் அந்தப் புகைமீது நீர்த்திரை பீய்ச்சுவார்கள். வாயு நீரில் நன்றாகக் கரையும். தேங்கிய திரவத்தில் மட்டும் தண்ணீர் படவே கூடாது! நீரின் சூட்டில் கொதித்து இன்னும் வேகமாக ஆவியாகும். அமோனியா கரைந்து ஓடும் நீரையும் மண் அணைகட்டித் தடுக்கவேண்டும், கொசஸ்தலையாற்றில் கலந்தால் மீன் சாகும்.

கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனை. எலுமிச்சையோ வினிகரோ ஊற்றவே வேண்டாம்.