முன்னாள் மாணவர்களிடம் எதைக் கேட்பது?

தருமபுரியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) தரமதிப்பீட்டுக்கு மாணவர், ஆசிரியர், வேலை தருவோர், முன்னாள் மாணவர் என நான்கு தரப்பிடமும் பாடத்திட்டம் பற்றிக் கருத்து வாங்க வேண்டும். முன்னாள் மாணவர் பகுதி என் பொறுப்புக்கு வந்தது.

கையில் இருந்த பழைய படிவத்தை அப்படியே கூகுள் ஃபார்மில் ஏற்றினேன். 40 கேள்விகள், அத்தனையும் ஆங்கிலம், ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். இரண்டு வாரத்தில் 19 பேர் பதில் போட்டார்கள். ஏறக்குறைய எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஐந்து. எங்கள் மேல் பிள்ளைகளுக்கு இருக்கும் பாசத்துக்கு அது அத்தாட்சி. அதை வைத்து ஒரு வகுப்பைக்கூட மாற்ற முடியாது.

சேர்க்கைப் பதிவேட்டில் இருந்த எண்களில் பல அப்பாவுடையவை, மீதியில் பாதி இப்போது யாரிடமும் இல்லை. அதனால் ஒவ்வொரு பேட்சிலும் வகுப்புத் தலைவராக இருந்தவரைத் தேடிப் பிடித்தேன். அவர்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டார்கள். விருப்பப்பட்டு எண் அனுப்பியவர்களை மட்டும் அழைத்தேன். ஞாயிறு மாலைதான் தோதான நேரம். ஓசூரிலும் பெங்களூரிலும் ஷிப்ட் பார்ப்பவர்கள் அப்போதுதான் நிதானமாகப் பேசுவார்கள்.

கேள்விகளை எட்டாகக் குறைத்துத் தமிழில் எழுதினேன். "பாடத்திட்டம் திருப்தியா?" என்பதை எடுத்துவிட்டு, "வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எது தெரியாமல் திணறினீர்கள்?" என்று கேட்டேன். அதன் பிறகுதான் பேச்சு வந்தது.

பாலக்கோட்டுப் பெண் ஒருத்தி, ஓசூரில் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறாள். "மேடம், ஜிஎஸ்டி எந்த வருஷம் வந்தது, எத்தனை வகை, எல்லாம் எனக்குத் தெரியும். முதல் வாரமே ஒரு கடையோட பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் 2பி-யையும் குடுத்து டேலி பண்ணச் சொன்னாங்க. 2பி-ன்னா என்னன்னே தெரியல" என்றாள். 2பி என்பது ஒருவர் வாங்கிய பில்களுக்கு ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் தரும் பட்டியல். விற்பவர் தன் கணக்கில் காட்டிய பில் மட்டும்தான் வாங்கியவருடைய 2பி-யில் ஏறும். மாதம் 14-ஆம் தேதி அது வரும், 20-க்குள் 3பி என்ற மாதாந்திர வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். விடுபட்ட பில்லை அந்த ஆறு நாளுக்குள் கண்டுபிடித்து, விற்றவரைத் தொடர்புகொள்ள வேண்டும். அவள் தேர்வில் ஜிஎஸ்டி தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். அந்தத் தாளை நடத்தியது நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு அழைப்பு பென்னாகரம் பக்கம். கணவர் எடுத்தார். "அவங்க காலேஜ் மேடம் பேசறேங்க" என்றதும் போனைக் கொடுத்தார். குழந்தை அழும் சத்தத்துக்கு நடுவே, "நான் வேலைக்கே போகலையே மேடம், என்கிட்ட என்ன கேக்கப் போறீங்க?" என்றாள். எங்கள் எட்டுக் கேள்வியில் ஐந்து வேலையைப் பற்றியவை. படிவத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சும்மா பேசினேன். குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் தயங்கித் தயங்கி, "பழைய ஸ்டூடண்ட்ஸ் நம்ம லைப்ரரிக்கு வரலாமா மேடம்?" என்று கேட்டாள். வேலையில் இருப்பவர்கள் தாமாகவே பதில் அனுப்புகிறார்கள். இவளைப் போன்றவர்களை நாம்தான் தேடிப் போக வேண்டும். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் கணக்கெடுப்பை நான் இப்போது நம்புவதில்லை.

பாடத்திட்டம் பல்கலைக்கழகம் வகுப்பது, அதில் கை வைக்க எங்களால் ஆகாது. ஆனால் பாடத்திட்டத்துக்கு வெளியே கல்லூரியே நடத்தும் மதிப்புக்கூட்டுப் படிப்பு எங்கள் கையில் இருக்கிறது. துறைக் கூட்டத்தில் சராசரி மதிப்பெண்களைக் காட்டாமல், பெயர்களை நீக்கிவிட்டு அவர்கள் சொன்னதை அப்படியே வாசித்தேன். 30 மணி நேர ஜிஎஸ்டி செய்முறைப் படிப்பு ஒன்றுக்கு எல்லாரும் சம்மதித்தார்கள். சனிக்கிழமைகளில் முன்னாள் மாணவர்கள் நூலகம் வர முதல்வரும் கையெழுத்துப் போட்டார். அடுத்த சுற்றுப் படிவத்தில் முதல் கேள்வி, "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாகக் கேள்விகள் சேர்த்திருக்கிறோம்.

செய்முறைப் படிப்பின் முதல் வகுப்பை எடுக்கப் பாலக்கோட்டுப் பெண்ணையே கூப்பிட்டேன். நான் சொன்ன தேதி 16. "அப்போ முடியாது மேடம், 20 தாண்டட்டும், வர்றேன்" என்றாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை, கடைப் பெயர்களைக் கறுப்பு மையால் அழித்த ஒரு கட்டுத் தாளோடு வந்து இறங்கினாள்.