பேட்ச் 4

மார்ச் 9
லினக்ஸ் கெர்னலுக்கு, அதாவது அந்த ஓஎஸ்ஸோட மையத்துக்கு, ஒருத்தர் அனுப்பின மாற்றங்கள ரிவ்யூ பண்றேன். வரிசையா மொத்தம் 9 பேட்ச். கவர் லெட்டர் நல்லா எழுதியிருக்காரு, எங்க போறாருன்னு உடனே புரியுது. முதல் மூணும் பேர் மாத்தறது, ஃபங்ஷன நகத்தறது. 4ல நின்னுட்டேன்.

மார்ச் 10
4ல மியூடெக்ஸ (காத்திருக்கறப்போ தூங்க விடற பூட்டு) தூக்கிட்டு ஸ்பின்லாக் (தூங்காம சுத்திக்கிட்டே காத்திருக்கற பூட்டு) போடறாரு. டிஃப் (மாறின வரிகள்) சின்னதுதான், ஆனா லாக்குக்குள்ள கூப்பிடற ஹெல்பர் டிஃப்லயே வரல, அத தேடித் தொறந்தா அது இன்னொன்ன கூப்பிடுது, அங்க உக்காந்திருக்கு மெமரி கேக்கற ஒரு கேமாலாக், ஜிஎஃப்பி கெர்னலோட, அதாவது மெமரி கெடைக்கற வரைக்கும் தூங்கலாம்ங்கற அனுமதியோட. ஸ்பின்லாக்க புடிச்சிக்கிட்டு தூங்கலாமா? 6ல இந்த அலோகேஷன, மெமரி கேக்கறத, லாக்குக்கு வெளிய எடுத்துடறாரு, அதனால ஒம்போதையும் சேத்துப் போட்டு டெஸ்ட் பண்ணா ஒண்ணுமே தெரியாது.

மார்ச் 11
"6ல சரியாயிடுதே"ங்கறாரு. 4லயும் 5லயும் கெர்னல் ஒடஞ்சு கெடக்கே! ஒரு ரிலீஸுக்கு பத்தாயிரத்துக்கு மேல கமிட் (பதிவான மாற்றம்) போகுது, என்னைக்கோ ஒருத்தர் வேற ஏதோ கோளாற தேடி பைசெக்ட் போடுவாரு, அதாவது எந்த கமிட்ல வந்துச்சுன்னு பாதி பாதியா வெட்டித் தேடுவாரு, பதிமூணு பதினாலு தடவ பில்டு பண்ணி பூட் பண்ணணும், அதுல ஒரு தடவ இந்த 4 மேல எறங்கி மெஷின் தொங்கினா அத கெட்டதுன்னு குறிச்சிடுவாரு, அப்புறம் முழு தேடலும் தப்பான பக்கம் போயிடும். அவருக்காகத்தான் கேக்கறேன்.

மார்ச் 12
7லயும் ஏதோ இடிக்குது. புடிபடல.

மார்ச் 15
ஆர்சி6, வர்ற ரிலீஸோட ஆறாவது முன்னோட்டம், வந்துடுச்சு. மெர்ஜ் விண்டோ, புது மாற்றங்கள சேத்துக்கற நேரம், கிட்ட வருது.

மார்ச் 16
வி2, அவர் திருத்தி அனுப்பின ரெண்டாவது வரிசை. 4ல ஜிஎஃப்பி அட்டாமிக்னு, தூங்காம மெமரி கேக்கறதா, மாத்திட்டு 6ஐயே தூக்கிட்டாரு. லாக்குக்குள்ள தூங்கறதுக்கான வார்னிங் போச்சு, எனக்கு கோவம்தான் வருது. மெமரி நெருக்கடியில அட்டாமிக் காத்திருக்காது, இல்லைன்னு கைய விரிச்சிடும், நேரா எரர் பாத், தோத்தா போற வழி. அட, பழைய 7 இடிச்சது அங்கதான்! ரெஃபரன்ஸ், அதாவது ஒரு பொருள பயன்படுத்தறேன்னு கணக்கு, எடுத்தப்புறம் அலோகேஷன் தோத்தா தாவற லேபிள், அந்தக் கணக்கக் கொறைக்கற புட் இருக்கற வரிக்குக் கீழ இருக்கு, புட்ட தாண்டிடுது. அந்த எண்ணிக்கை, ரெஃப்கவுண்ட், கடைசி வரைக்கும் பூஜ்யத்துக்கு வராது. ஜிஎஃப்பி கெர்னல்ல சின்ன அலோகேஷன் தோக்கறது அபூர்வம், அதான் இத யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

மார்ச் 17
ஃபெயில்ஸ்லாப்னு கெர்னல்லயே இருக்கற வசதிய வெச்சு அலோகேஷன தோக்க வெச்சேன். எண்ணிக்கை பூஜ்யமானா ஓடற ரிலீஸ் ஃபங்ஷன்ல ஒரு பிரிண்ட் போட்டிருந்தேன், டிவைஸ கழட்டினதும் வரணும். வரல. பதிவான அவுட்புட் எல்லாத்தையும் அனுப்பிட்டேன்.

மார்ச் 20
பதில் இல்ல.

மார்ச் 22
ஆர்சி7. இன்னும் இல்ல.

மார்ச் 23
வி3! அலோகேஷன வெளிய எடுக்கறது முதல்ல, ஸ்பின்லாக் அதுக்கப்புறம். புட்டும் சரியான லேபிள்ல. ஒவ்வொரு பேட்சா நிறுத்தி பில்டு பண்ணி பூட் பண்ணேன், எங்கயும் சத்தமில்ல. மனசு நெறஞ்சு போச்சு, 7 வரைக்கும் ரிவ்யூட் பை, பாத்துட்டேன் சரிதான்ங்கற குறிப்பு, குடுத்துட்டேன்.

மார்ச் 24
வி2வையும் வி3யையும் ஒப்பிடற ரேஞ்ச் டிஃப்ல, மிச்சமிருக்கறதுல 8 மட்டும் மாறியிருக்கு. ஒரு ஆர்சியூ ரீட் லாக் (படிக்கறவங்கள காக்க வைக்காத பூட்டு) புதுசா இருக்கு, மாற்றக் குறிப்புல அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. ஏன்னு கேட்டிருக்கேன்.