சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த அண்ணா

7ஆம் வகுப்பின் இரண்டாம் தவணையில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். மூன்று வாரம் கழித்துப் பாடசாலைக்குப் போனேன். வாசலில் என்னைக் கண்டதும் வகுப்பில் பேச்சு நின்றது. பக்கத்தில் இருந்தவன் தன் கொப்பிகளை ஒதுக்கி இடம் விட்டான். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

வகுப்பு டீச்சர் இடாப்புக் கூப்பிட்டார். என் பெயர் வந்தபோது அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மணி அடித்த பிறகு கூப்பிட்டு, ஒரு கட்டுப் புத்தகத்தைக் கையில் தந்தார். "இதை நூலகத்தில குடுத்திட்டு, அங்க ஏதும் வேலை இருந்தால் செய்திட்டு வாரும்."

வேலை நிறைய இருந்தது. புதிதாக வந்த புத்தகங்களின் முதல் பக்கத்தில் பாடசாலை முத்திரை குத்த வேண்டும், கடைசிப் பக்கத்தில் திகதித் தாள் ஒட்ட வேண்டும், பதிவேட்டில் இலக்கம் எழுத வேண்டும். பசை கொஞ்சம் கூடினாலும் இரண்டு பக்கங்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். நூலகர் அதை அடிமட்டத்தின் விளிம்பால் மெல்லப் பிரித்துவிட்டு, "பரவாயில்லை, அடுத்ததுக்குக் குறைவா வையும்" என்பார். முத்திரையின் நீல மை பெருவிரலில் இரண்டு நாள் போகாது. வீட்டில் அம்மா அதைப் பார்த்து, இன்றைக்கு எத்தனை புத்தகம் என்று கேட்பார். அந்த நாட்களில் அம்மாவும் நானும் அழாமல் பேசிய ஒரே விஷயம் அதுதான்.

அங்கே உயர்வகுப்பு அண்ணா ஒருவரும் வந்து படிப்பார். வேலை முடிந்ததும் என்னோடு வீடுவரை வருவார். கையில் சைக்கிள் இருந்தும் ஏறாமல் உருட்டிக்கொண்டே நடப்பார். அட்சரகணிதத்தில் எனக்குப் பிடிபடாமல் இருந்ததை எல்லாம் அந்த வழியில்தான் கற்றுக்கொண்டேன். நின்று, சைக்கிள் இருக்கையின் மேல் கொப்பியை வைத்து எழுதிக் காட்டுவார். சில நாட்களில் ஒன்றும் பேசாமலே நடப்போம். அதுவும் எனக்குப் போதுமாக இருந்தது.

எல்லோரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். "தகப்பன் இல்லாத பிள்ளை, ஒருவரும் இவனோடு சண்டை பிடிக்காதேங்கோ" என்று வகுப்பு முன்னால் அறிவித்த ஓர் ஆசிரியரும் இருந்தார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் அதன் பிறகு ஒரு மாதம் என்னை ஒருவரும் விளையாடக் கூப்பிடவில்லை.

பல வருடம் கழித்து, வகுப்பு டீச்சர் ஓய்வுபெற்ற பிறகு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நூலகத்தைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். "நூலகருக்கு அப்ப உதவி ஒண்டும் தேவைப்படேல்லை. நான்தான் கேட்டனான். ரெண்டு நாளில முடிக்கிற வேலையை உமக்காக ஒரு தவணை இழுத்தவர்." அண்ணாவிடம் சொல்லி வைத்ததும் நூலகர்தான். நான் பாடசாலைக்குத் திரும்புவதற்கு முதல் நாளே மூவரும் பேசியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் என்னைத் தாங்கினார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதுதான் என்னைத் தாங்கியது.

பிற்காலத்தில் சிறுவர் நலப் பணிக்கான பயிற்சியில் காவாய் தீவு ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் உள்ள காவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் 40 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நம்பிக்கையும் அன்பும் உள்ள பெரியவர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் குறைந்தது ஒரு நிலையான பெரியவரின் நெருக்கம் கிடைத்திருந்தது. அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, மூத்த சகோதரம், அயலவர், ஆசிரியர் என்று யாராகவும் இருந்தது. இன்னொன்றும் சொல்கிறார்கள்: அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஏதோ ஒரு பொறுப்பு இருந்தது. யாருக்கோ அவர்கள் தேவைப்பட்டார்கள். அந்த வரியைப் படித்தபோது பசை வாசம் மூக்கில் வந்தது. அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

மற்ற மூன்றில் இரண்டு பங்கினரிலும் பலர், பதின்ம வயதில் தடுமாறியவர்கள், 30 வயதுக்கு மேல் தேறி வந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை 16 வயதில் கைவிட்டுப் போய்விட்டது என்று யாராவது சொல்லும்போது நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

மீண்டெழும் தன்மை சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே உண்டு என்று நாம் பேசிக்கொள்கிறோம். குணமும் கொஞ்சம் உதவும், சரி. ஆனால் அச்சத்தில் இருக்கும் பிள்ளையின் உடம்பில் இதயம் வேகமாக அடிக்கிறது, கோர்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்கிறது. நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்தால் அந்தக் கொதிப்பு அடங்கும். யாரும் இல்லாமல் நாள்கணக்கில் அது அடங்காமல் கிடந்தால் படிப்பு, நித்திரை, உடல்நலம் எல்லாவற்றையும் கெடுக்கும். "தைரியமாக இரு" என்ற சொல்லால் அது அடங்காது.

இதை நம் சங்கத்து மலரில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நாம் அனுப்பும் உதவித்தொகை தேவைதான், நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் நம்மில் ஒருவர் வேண்டும். பரிசளிப்பு விழாவில் ஒருநாள் கைகுலுக்கிப் போகிறவர் போதாது. மாதம் ஒருமுறையாவது, குறைந்தது மூன்று வருடம் பேசக்கூடியவர் வேண்டும். புள்ளிகளைப் பற்றி முதலில் கேட்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. வகுப்பாசிரியருக்கும் வீட்டுப் பெரியவருக்கும் தெரிந்து, அவர்கள் முன்னிலையில்தான் அந்தப் பேச்சு நடக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பு கூடாது. பிள்ளை ஒருமாதிரி இருந்தால் இந்த மூன்று பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். மூன்று வருடம் முடியாது என்று தோன்றினால் தொடங்காமல் இருப்பதே மேல். பாதியில் விட்டுப்போகும் இன்னொரு பெரியவர் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

முதல் பெயராக என் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த அண்ணா இப்போது வேறொரு நாட்டில் இருக்கிறார். இன்றும் மாதம் ஒருமுறையாவது பேசுவோம். போன வருடம் என் மகள் பாடசாலை மாறினாள். புது இடத்தில் ஒருவரும் சேர்த்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. என்னிடமும் தாயிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சுவாக்கில் அண்ணாவிடம் சொன்னேன். அடுத்த நாள் அவளுக்கு நேரே அழைப்பு எடுத்தார். "பெரியப்பா" என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் போனாள். முக்கால் மணி நேரம் கழித்து வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, நாளைக்குப் போக சட்டை மினுக்கி இருக்கிறதா என்று கேட்டாள். என்ன பேசினார்கள் என்று நான் இதுவரை கேட்கவில்லை.