ஏ-9 இலும் ஓடுதடத்திலும் ஒரே ரயர்: சூடும் காற்றும் அளந்து பார்த்தது

வன்னிக்குள் தார் ஓடுதடம் இல்லை. கிளிநொச்சியிலிருந்து, களுத்துறைப் பக்கம் ஓடுதடம் இருக்கும் கட்டுக்குருந்தைக்குப் போக 350 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். ஓடுதட ரயரைப் பூட்டிக்கொண்டே போய், ஓடி, அதிலேயே திரும்புவதா, அல்லது நாலு சில்லையும் வேறாக ஏற்றிக்கொண்டு போய் அங்கே மாற்றுவதா? இங்கே கார் வைத்திருப்பவர்களுக்கு முதலில் வரும் கேள்வி இதுதான். அதற்காக மூன்று ரக ரயர்களை ஒரே காரில் மாறிமாறிப் பூட்டி எழுதிய குறிப்புகள் இவை.

கார் ஹொண்டா சிவிக் ஈகே. ரிம் 15 அங்குலம். ரயர் மூன்றும் 195/50 ஆர் 15; அதாவது அகலம் 195 மில்லிமீற்றர், பக்கச்சுவர் உயரம் அதில் 50 வீதம், ரிம் 15 அங்குலம். இந்தக் காரின் எஸ்ஐஆர் வகைக்குத் தொழிற்சாலை கொடுத்த அளவு 195/55 ஆர் 15. அதன் விட்டம் ஏறத்தாழ 595 மில்லிமீற்றர். 50 வரிசையில் அது 576 ஆகிறது. மீற்றர் 80 காட்டும்போது கார் உண்மையில் 77 இல்தான் போகும், வண்டியும் ஒரு சென்ரிமீற்றர் பதியும். காப்பெற் வீதியில் அது தெரியாது. கிறவல் ஒழுங்கையில் திரும்பி நடு மேட்டில் ஏறினால் அடித்தட்டு உரசும் சத்தத்தில் தெரியும். ஆகவே வேகத்தை மீற்றரில் பார்க்காமல் ஜிபிஎஸ்ஸில் பார்க்க வேண்டும். போன் ஜிபிஎஸ் பெரும்பாலும் செக்கனுக்கு ஒரு தடவைதான் பதியும்; 60 இல் ஓடும் கார் அதற்குள் 16 மீற்றர் கடந்துவிடும், பிறேக் தூரம் அளக்க அது உதவாது. செக்கனுக்குப் பத்துத் தடவை பதியும் கருவிதான் வேண்டும்.

ரகம் பிரித்த விதம்: ஒன்று, சாதாரண வீதி ரயர். இரண்டு, தேய்மான எண் (குறைந்தால் ரப்பர் விரைவாகத் தேயும்) 200ஐ ஒட்டிய வேக ரயர். யோக்கோஹாமா ஏடி08ஆர் 180, ஹான்கூக் ஆர்எஸ்4 200. மூன்று, அரைப் பந்தய ரயர்; டோயோ ஆர்888ஆர் 100, நாங்காங் ஏஆர்-1 80. இந்த எண் அமெரிக்கச் சட்டத்துக்காகப் பக்கச்சுவரில் அடிப்பது. கொம்பனி தானே சோதித்துத் தானே போடும் எண் என்பதால் ஒரு கொம்பனியின் 200ஐ இன்னொன்றின் 200உடன் ஒப்பிட முடியாது. வாங்கும்போது அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது நான்கு இலக்கத் திகதி. 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. மென் ரப்பர் தகரக் கொட்டிலில் இரண்டு மூன்று வெயில் கண்டிருந்தால் பூ (தரையைத் தொடும் வெட்டுக் கோலம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பிடி போய்விடும். நகத்தால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும்.

பிறேக் சோதனைக்கு ஏ-9 நெடுஞ்சாலை சரிவராது. நெல் களஞ்சிய வளவு ஒன்றின் உள்ளே இருக்கும் நீளமான சீமெந்துத் தெருவே போதும். உரிமையாளரிடம் கேட்டு, ஆளில்லாத நேரம் பார்த்துச் செய்யலாம். தொடங்கமுன் கூட்டிப் பெருக்க வேண்டும். உமி ஒரு படை கிடந்தாலே ரயர் அதன்மேல் உருளும், எந்த ரயரும் ஒன்றுபோலத்தான் தெரியும். 60 இலிருந்து நிற்க, 0.8 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) பிடி இருந்தால் 17.7 மீற்றர் வேண்டும், 0.9 என்றால் 15.7, 1.0 என்றால் 14.2. ஒவ்வொரு ரயருக்கும் ஐந்து தடவை அடித்து, முதல் தடவையைத் தனியாக எழுதி வைக்க வேண்டும். பலர் அதைக் கழித்துவிட்டுச் சராசரி எடுப்பார்கள். வன்னி வீதிக்கு அந்த முதல் தடவைதான் பெறுமதியானது. இரவில் மாங்குளம் தாண்டி வரும்போது மாடு குறுக்கே நின்றால் ஆறின ரயரில்தான் பிறேக் அடிக்கிறோம். அரைப் பந்தய ரயர் முதல் தடவை கடகடவென்று வழுக்கி, சூடு ஏறிய பிறகுதான் பிடிக்கும். 200 ரகத்தில் இந்த வித்தியாசம் குறைவு. சாதாரண ரயரில் முதல் தடவைக்கும் ஐந்தாம் தடவைக்கும் பெரிய மாற்றம் இல்லை.

ஓடுதடத்தில் வேலை முழுவதும் காற்றிலேதான் இருக்கிறது. காலையில் 30 பாகையில் 26 பிஎஸ்ஐ வைத்து, உள்ளிருக்கும் காற்று 80 பாகைக்கு ஏறினால் 32 அல்லது 33 ஆகும். வீதிக்கு வைத்த 32 உடன் அப்படியே இறங்கினால் 40 வரை போகும்; நடுப்பூ மட்டும் தரையில் நின்று கார் முன்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். இந்த எடைக் காருக்கு முன்னுக்குச் சூட்டில் 32, 33ஐக் குறிவைத்துத் தொடங்கலாம். நாலைந்து சுற்று ஓடி உள்ளே வந்தவுடன், ஒரு நிமிடம் தாண்டமுன், நாலு சில்லையும் அளந்து கூடியதை விட்டுவிட வேண்டும். எப்போதும் ஒரே காற்று மீற்றர்தான். கடைக்குக் கடை மீற்றர் இரண்டு, மூன்று பிஎஸ்ஐ வேறுபடும். கொம்பிரசர் தாங்கியில் தேங்கிய தண்ணீரை முதலில் திறந்துவிடச் சொல்லுங்கள். ஈரக் காற்று சூட்டில் கணக்கை மீறி ஏறும்.

தோள்பட்டையில் சுண்ணக்கட்டியால் குறுக்கே மூன்று கோடு போட்டுவிட்டு ஓடினால் ரயர் எவ்வளவு சரிகிறது என்று கண்ணால் பார்க்கலாம். பக்கச்சுவரில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். சுண்ணாம்பு அந்த முனைவரை அழிந்தால் சரி. அதைத் தாண்டிக் கீழேயும் அழிந்தால் 2 பிஎஸ்ஐ கூட்ட வேண்டும். முனைக்கு எட்டாமல் நின்றால் குறைக்க வேண்டும்.

வெப்பம் அளக்க, லேசர் காட்டும் கருவியை நம்ப வேண்டாம். அது மேல்தோலைத்தான் பார்க்கிறது, தோல் சில செக்கனில் ஆறிவிடும். ரப்பருக்குள் இரண்டு மில்லிமீற்றர் குத்தி அளக்கும் ஊசிக் கருவிதான் சரி. வெளி 94, நடு 86, உள் 82 என்று வந்தால் வெளிக்கும் உள்ளுக்கும் நடுப்புள்ளி 88. நடுப்பூ அதைவிட 2 பாகை குறைவு, ஆகவே காற்று கொஞ்சம் காணாது. வெளிப்பக்கம் அதிகம் கொதிப்பது கேம்பர் (சில்லின் மேல்பக்கம் உள்ளே சாயும் அளவு) போதாததால். காற்றால் அதைத் திருத்த முடியாது, முன்சில்லை உள்ளே சாய்க்க வேண்டும். அப்படிச் சாய்த்தபின் வீதியில் உட்பூ தின்னும் என்று பயப்படுவார்கள். உண்மையில் உட்பூவைத் தின்பது பெரும்பாலும் ரோ (மேலிருந்து பார்க்கச் சில்லின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு). கேம்பரை மாற்றினால் ரோவும் மாறும். அதைச் சுழிக்குக் கொண்டுவராமல் 350 கிலோமீற்றர் ஓடினால் அந்த ஒரு பயணத்திலேயே அடையாளம் தெரியும்.

வீட்டுக்கு வந்தவுடன் பூவுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். சூட்டில் இளகிய ரப்பர் வழியில் கிடந்த கிறவல் கல்லையெல்லாம் கவ்விக்கொண்டு வரும். மொட்டை ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொன்றாகக் கிளப்பி எடுக்க, ஒரு ரயருக்கு ஒரு கைப்பிடி வரும். எடுக்காமல் விட்டால் கூர்க்கல் உள்நோக்கி ஏறும், அதற்குப் பிறகு பஞ்சர்தான். தார் ஓரம் உடைந்து கிறவலில் இறங்கும் இடங்களில் அரைப் பந்தய ரயரின் பக்கச்சுவர் வெட்டுப்படும். அந்த வெட்டுக்கு ஒட்டுப் போட முடியாது.

மாரி வந்தால் கணக்கு முழுதாக மாறுகிறது. விமான ரயரை வைத்து நாசா கண்ட சூத்திரப்படி, வெள்ளம் நிற்கும் தரையில் ரயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றின் வர்க்கமூலத்தோடு ஏறும்: 32 பிஎஸ்ஐயில் மணிக்கு 94 கிலோமீற்றர், 24இல் 82. கார் ரயர் இதற்கும் குறைந்த வேகத்தில் மிதக்கலாம். பூ தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். ஓடுதடத்தில் குறைத்த காற்றைக் கூட்டாமல் கார்த்திகை மழையில் ஓமந்தை பக்கம் 80இல் வருவது உயிரோடு விளையாடுவது. திரும்பும் முன் நாலும் ஆறட்டும், கதவோரத் தகட்டில் உள்ள அளவுக்கு ஏற்றுங்கள். நட்டுகளை 108 நியூட்டன் மீற்றருக்கு மறுபடி இறுக்குங்கள். சில்லு சூடாக இருக்கும்போது இறுக்கிய நட் ஆறியபின் அதே அளவில் நிற்காது.

ஆக, காரில் இருக்கும் சாதாரண ரயருக்கு மேலாக இன்னும் நாலு ரயர்தான் கட்டுப்படியாகும் என்றால் 200 ரகம். வைகாசி முதல் புரட்டாதி வரை அதைப் போட்டு, ஐப்பசிக்கு முன் கழற்றிச் சாதாரண ரயர் பூட்டலாம். அரைப் பந்தய ரயருக்குத் தனி ரிம்மும், ஏற்றிப்போக இடமும் இருந்தால் மட்டும் கை வையுங்கள். கழற்றியதைக் கழுவி, உலர்த்தி, கறுப்புப் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஜெனரேற்றரும் மோட்டரும் இல்லாத நிழலறையில் வையுங்கள். அவை ஓடும்போது மின்பொறியிலிருந்து வரும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழவைக்கும். அடுத்து அளக்க இருப்பது 5 மில்லிமீற்றருக்குத் தேய்ந்த 200 ரக ரயரின் பிறேக் தூரம். புதிய பூ சூட்டில் நெளிவதுபோல் அது நெளியாது, ஆகவே உலர் தரையில் முந்தும், ஈரத்தில் எவ்வளவு பின்தங்கும் என்பதைத்தான் அளந்து எழுத வேண்டும்.