அம்மாவின் ஆபரேஷனுக்கு முன்னால்

ஜூன் 9
வியாழக்கிழமை அம்மாவுக்கு ஆபரேஷன். மலக்குடலில் கட்டி உள்ள பகுதியை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். தைத்த இடத்தில் கசிந்தால் மலமும் கிருமியும் வயிற்றுக்குள் பரவும், மறுபடி வயிற்றைத் திறக்கும்படி ஆகலாம். அதனால் முந்தின நாள் பேதி மருந்து, கூடவே நியோமைசின், மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி (ஆன்டிபயாடிக்) மாத்திரைகள்.

"வயிறுதான் சுத்தமாகிவிடுமே, மாத்திரை வேறு எதற்கு?" என்றான் தம்பி. மலம் போனாலும் குடல் சுவரில் கிருமி இருக்கத்தான் செய்யும். நியோமைசின் ரத்தத்தில் அவ்வளவாகக் கலக்காது, குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்யும். பின்லாந்தில் மலக்குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 565 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024இல் வந்திருக்கிறது. பேதி மருந்து மட்டும் குடித்தவர்களில் 13.6 சதவீதம் பேருக்குத் தையல் கசிந்தது. மாத்திரையும் சேர்த்து எடுத்தவர்களில் 5.8 சதவீதம்தான். இதே ஆபரேஷனுக்குப் போகிறவர்கள், மாத்திரை உண்டா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

ஜூன் 10
கீரை, கொய்யா, கடலை எல்லாம் நிறுத்தம். இட்லி, மோர் சாதம். நாளைக்குச் சாப்பாடு கிடையாது என்பதால் சுகர் மாத்திரையை என்ன செய்வது என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 11
பேதி மருந்துப் பொடியை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர். நான்காவது டம்ளரிலேயே அம்மா, "போதும்டி, குமட்டுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரை மணி நேரம் விட்டேன். அப்புறம் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்ததும் இறங்கியது. நாக்கில் படாமல் உள்ளே தள்ளிக் குடித்தால் அந்த உப்புக்கரிப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை.

அதன்பின் பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடைதான். மூன்றாவது தடவையே எரிச்சல் என்றார். தேங்காய் எண்ணெய் தடவினோம். முதல் தடவை போனபோதே தடவியிருந்தால் இன்னும் நல்லது. இடையில் இளநீரும், வடிகட்டிய ஆப்பிள் ஜூஸும். சிவப்பு நிற ஜூஸ் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் சுகர் 84 காட்டியதும் எனக்குப் பதற்றம். ஜூஸ் குடித்த பிறகு ஏறியது. இரவு மஞ்சள் தண்ணீராகத்தான் போனது, கசடு இல்லை. மாத்திரைகளை வாந்தி எடுக்காமல் முழுங்கிவிட்டார். எவ்வளவு தைரியம் அம்மாவுக்கு!

ஜூன் 12
ஆபரேஷன் முடிந்தது. தையல் ஆறும்வரை அந்த வழியாக மலம் போகாமல் இருக்க, சிறுகுடலை வயிற்றில் வெளியே எடுத்துப் பை மாட்டியிருக்கிறார்கள். சில மாதம் கழித்து மூடிவிடுவார்களாம்.

ஜூன் 17
காய்ச்சல் இல்லை, நாடித்துடிப்பும் சரியாக இருக்கிறது. வயிற்றுக் குழாயை நாளை எடுக்கிறார்கள். பையை மாற்ற நர்ஸ் எனக்கும் தம்பிக்கும் சொல்லிக்கொடுத்தார்.