பர்வதமலையிலிருந்து ஒரு பெரியவரை இறக்கிய கதை

மலை மீட்புத் தன்னார்வலர் என்றதும் எல்லாரும் கயிற்றில் தொங்குவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்களுக்குப் பயிற்சி தந்த தீயணைப்பு வீரர்கள் முதலில் கொடுத்தது இரண்டு மூங்கிலும் லுங்கிகளும். ஸ்ட்ரெச்சர் கட்டி, ஆளைப் படுக்கவைத்துப் படிக்கட்டில் இறக்கச் சொன்னார்கள். அப்புறம்தான் முடிச்சு, முதலுதவி எல்லாம். பாம்புக்கடி பாடத்திலும் அதேதான்: கீறாதே, இறுக்கிக் கட்டாதே, நடக்கவிடாதே, தூக்கி வா.

அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் இருக்கிறது. 2024 டிசம்பரில் திருவண்ணாமலை மண்சரிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் மலையேறிய ஒருத்தர் திரும்பவில்லை என்றால், முதலில் போய்ச் சேரக்கூடியவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களே.

பர்வதமலை உச்சியில் சிவன் கோயில் இருக்கும் மலை; பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்தது, இப்போது திருவண்ணாமலை மாவட்டம், 4560 அடி. பௌர்ணமிக்கு மறுநாள் அழைப்பு வந்தது. கடலாடி வழியாக ஏறிய குடும்பம் தென்மாதிமங்கலம் பக்கம் இறங்கிவிட்டது, பெரியவரை மட்டும் காணோம். வந்த வேகத்தில் ஏறப் பார்த்த எங்களைக் குழுத் தலைவர் நிறுத்தினார். கடைசியாக எங்கே பார்த்தீர்கள், என்ன நிறச் சட்டை, சர்க்கரை உண்டா, போனில் சார்ஜ் இருந்ததா என்று வீட்டாரிடம் பொறுமையாகக் கேட்டார். அவராகவே இறங்கி வந்தால் தெரியவேண்டும் என்று இரண்டு அடிவாரத்திலும் ஆள் நிறுத்தினார். அந்த அரை மணி நேரம்தான் தேடவேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்தது.

மீதியைக் குறைத்தவர் ஆடு மேய்க்கும் ஓர் அண்ணன். “கடப்பாரைப் படிக்குக் கீழ ஒரு ஒத்தையடி பிரியுதுப்பா, வழின்னு நெனச்சிப் போயிருப்பாரு” என்றார். பாறையில் கடப்பாரைகளை அடித்து அமைத்த படி அது. விசில் ஊதினோம், பேச்சை நிறுத்திக் காது கொடுத்தோம், மறுபடி ஊதினோம். பள்ளத்திலிருந்து குரல் வந்தது.

கணுக்கால் வீங்கியிருந்தது. “நைனா, வந்துட்டோம்” என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. குச்சியும் துண்டும் வைத்துக் காலை அசையாமல் கட்டினோம்.

இறக்குவதுதான் உயிரை வாங்கும் வேலை. ஒரு தடவைக்கு ஆறு பேர், கொஞ்ச தூரத்தில் தோள் மாற்ற இன்னொரு ஆறு பேர். சரிவில் கால் முன்னால், தலை மேல்பக்கம். வழுக்கும் இடங்களில் பின்னாலிருந்து கயிறு பிடிக்கத் தனி ஆள். 108 வண்டியில் ஏற்றும்போது நன்றாக இருட்டிவிட்டது.

மலைக்குப் போகிறவர்கள் எந்தப் பக்கம் இறங்குவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். வழி தவறினால் நடக்காமல் அங்கேயே உட்காருங்கள். குழுவில் சேர ஆசையென்றால் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் பயிற்சி எப்போது என்று விசாரியுங்கள். எங்களுக்குத் தோள் மாற்ற ஆள் போதவில்லை.