கோட்பாட்டைக் களத்துக்குக் கொண்டுபோவது எப்படி: மனித வளர்ச்சி, சமூக ஈடுபாடு படிப்பவர்களுக்கு

இந்தப் படிப்பில் சேர்ந்ததும் கோட்பாட்டுக்கு ஒரு நோட்டு, களப்பணிக்கு ஒரு நோட்டு என்று பிரித்து வைத்துக்கொள்வது வழக்கம். பிரச்சினை அங்கேயே ஆரம்பிக்கிறது. முதல் நோட்டில் பியாஜே, வைகாட்ஸ்கி, எரிக்சன் என்ற வளர்ச்சி உளவியல் அறிஞர்கள் எல்லாரும் தேர்வுக்காகக் காத்திருப்பார்கள். இரண்டாவது நோட்டில் தேதியும், வருகைப் பதிவும், மேற்பார்வையாளர் கையெழுத்தும் இருக்கும். செமஸ்டர் முடிவில் அறிக்கை எழுத உட்காரும்போது, நடந்ததை எல்லாம் எழுதிவிட்டு ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் ஓர் அறிஞர் பெயரை ஒட்டவைக்க வேண்டி வரும். திருத்துகிறவருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். களத்துக்குப் போவதற்கு முன்பே கோட்பாட்டைக் கேள்வியாக மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற எதைவிடவும் இந்த ஒரு பழக்கம் மதிப்பெண்ணையும் வேலையின் தரத்தையும் தூக்கிவிடும்.

பாடத்திட்டம் இடத்துக்கு இடம் மாறினாலும் அடித்தளம் ஏறக்குறைய ஒன்றுதான். கருவிலிருந்து முதுமை வரையான வளர்ச்சி, குடும்பவியல், ஆய்வு முறைகள், அடிப்படைப் புள்ளியியல், சமூகத் திட்டங்களை வடிவமைப்பதும் மதிப்பிடுவதும், பிறகு மேற்பார்வையுடன் களப்பணி. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 1990 முதல் வெளியிட்டுவரும் மனித மேம்பாட்டுக் குறியீடும் ஏதாவது ஒரு தாளில் வரும். அதில் ஆயுள், கல்வி, வாழ்க்கைத் தரம் என்று மூன்று பரிமாணங்கள், நான்கு குறிகாட்டிகள் என்பதோடு நிறுத்தாதீர்கள். 2010 முதல் கூட்டுச் சராசரிக்குப் பதில் பெருக்குச் சராசரி வந்ததையும் காரணத்தோடு எழுதுங்கள். ஒரு பரிமாணத்தில் உள்ள சரிவை இன்னொன்றின் உயர்வு முழுதாக மறைத்துவிடக் கூடாது என்பதே அந்தக் காரணம்.

கோட்பாடுகளில் மதிப்பெண் போகும் இடங்கள் ஆண்டுதோறும் ஒரே மாதிரிதான். பிள்ளையின் சிந்தனை வளர்வதற்குப் பியாஜே வகுத்த நான்கு கட்டங்களை வயதோடு ஒப்பித்துவிட்டு, எந்தச் சோதனை எதைக் காட்டுகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். வைகாட்ஸ்கி சொன்னது அண்மை வளர்ச்சி மண்டலம், அதாவது பிள்ளை தனியாகச் செய்ய முடிவதற்கும் தேர்ந்தவர் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையிலுள்ள வெளி. ஸ்கஃபோல்டிங் எனப்படும் சாரக்கட்டு உதவி என்ற கருத்தை 1976இல் முன்வைத்தவர்கள் வுட், ப்ரூனர், ராஸ் மூவர். அதை வைகாட்ஸ்கி கணக்கில் எழுதுவது மிகப் பரவலான தவறு. எரிக்சனின் எட்டுக் கட்டங்களில் முதலாவதில், நம்பிக்கை முழுக்க ஜெயித்து அவநம்பிக்கை முழுக்கத் தோற்க வேண்டும் என்று எழுதுவதும் சரியில்லை. அவர் பேசியது இரண்டுக்கும் இடையிலான விகிதத்தைப் பற்றி. ஆளை எடைபோடும் அளவு அவநம்பிக்கை குழந்தைக்கும் வேண்டும்.

குழந்தைக்குத் தாயோடு உள்ள பிணைப்பை அளக்கும், மேரி ஐன்ஸ்வொர்த்தின் ‘அந்நியச் சூழல்’ சோதனையைக் கொஞ்சம் நின்று படியுங்கள். எட்டுச் சிறு காட்சிகள், பெரும்பாலானவை மூன்று நிமிடம் வரை. தாய் வெளியே போகிறார், அந்நியர் இருக்கிறார், தாய் திரும்பி வருகிறார். தாய் போகும்போது குழந்தை அழுததா என்பதை வைத்துப் பிணைப்பைத் தீர்மானித்துவிடும் விடைகள் ஏராளம். தீர்மானிப்பது பெரும்பாலும் தாய் திரும்பி வந்த நொடிகள்தான். பாதுகாப்பான பிணைப்புள்ள குழந்தையும் கதறி அழலாம், ஆனால் தாய் எடுத்ததும் தேறி மறுபடி விளையாட்டுக்குப் போகும். இதைப் புரிந்துகொண்டவர் காப்பகத்தில் உட்கார்ந்தால் காலையில் விட்டுவிட்டுப் போகும் நேரத்தை மட்டும் பார்க்கமாட்டார். மாலையில் அழைத்துப்போக வரும்போது பிள்ளை என்ன செய்கிறது என்பதையும் பார்ப்பார். கோட்பாட்டைக் கேள்வியாக மாற்றுவது என்றால் இதுதான்.

சமூக ஈடுபாட்டுக்கும் மனித வளர்ச்சிக்கும் நடுவே பாலமாக நிற்பவர் யூரி பிரான்ஃபென்பிரென்னர். ஒருவரைச் சுற்றியுள்ள சூழல்களை அடுக்கடுக்காகப் பார்க்கும், 1979இல் அவர் விரித்துச் சொன்ன சூழலியல் அமைப்பைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதி அறிக்கை தானாக எழுந்துவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டம் வரைவது எல்லாருக்கும் வரும். வட்டத்துக்குள் எதைப் போடுவது என்பதில்தான் சறுக்கல். முதல் வேலை, யாரை மையத்தில் வைக்கிறோம் என்று தீர்மானிப்பது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். அவன் நேரில் இருக்கும் இடங்கள், அதாவது வீடு, வகுப்பறை, மாலை வாசிப்பு மையம், எல்லாம் மைக்ரோசிஸ்டம். மீசோசிஸ்டம் ஓர் இடம் கிடையாது. அது அந்த இடங்களுக்கு இடையிலுள்ள தொடர்பு. வாசிப்பு மையத்துக்காரர் வகுப்பாசிரியரோடு பேசுகிறாரா, அம்மா மையத்துக்குள் எப்போதாவது வந்திருக்கிறாரா என்பவை அதில் சேரும். அம்மாவின் ஷிப்ட் நேரத்தை மாற்றிய மேலாளரின் முடிவு எக்சோசிஸ்டம்: சிறுவன் அங்கே இல்லை, ஆனால் அன்று இரவு அவனோடு யார் உட்கார்ந்து வாசிப்பார் என்பதை அது மாற்றிவிடுகிறது. அதே வேலையிடம் அம்மாவை மையத்தில் வைத்தால் மைக்ரோசிஸ்டம் ஆகிவிடும். அறிக்கையின் நடுவில் மைய நபர் மாறிவிட்டால் எல்லா வட்டமும் குழம்பும். பண்பாடு, சட்டம் போன்றவற்றை வெளிவட்டமான மேக்ரோசிஸ்டத்தில் கொட்டிவிட்டு அதோடு விட்டுவிடாதீர்கள். அது இந்தச் சிறுவனின் மாலைக்குள் எந்த வழியாக வருகிறது என்று ஒரு வாக்கியமாவது எழுதுங்கள்.

பின்னாளில் அவர் தன் கோட்பாட்டைத் திருத்தி, செயல்முறை, நபர், சூழல், காலம் என்ற நான்கையும் சேர்த்தார். இதில் செயல்முறைதான் இதயம்: ஒருவரோடு அல்லது ஒரு பொருளோடு, ஒழுங்காக, நீண்ட காலம் நடந்து, போகப்போகச் சிக்கலாகும் ஊடாட்டம். இதைக் கேள்வியாக்கினால்: அவனோடு யார் வாசிக்கிறார், வாரத்தில் எத்தனை நாள், ஒரு தடவை எவ்வளவு நேரம், மூன்று மாதத்துக்கு முன்பு வாசித்த புத்தகத்துக்கும் இப்போதைய புத்தகத்துக்கும் என்ன வித்தியாசம்? வட்டங்களை மட்டும் நிரப்பி நிறுத்துகிறவர்கள் 1979ஓடு நின்றுவிடுகிறார்கள். இந்த நான்கு கேள்விகளையும் கேட்டு வந்தவரின் அறிக்கை வேறு தளத்தில் இருக்கும்.

இனி களக்குறிப்பு. “சிறுவனுக்கு வாசிப்பில் ஆர்வம் இல்லை” என்று எழுதினால் அது தீர்ப்பு. குறிப்பு இப்படி இருக்க வேண்டும்: “4.10. புத்தகத்தை எடுத்தான், முதல் பக்கப் படத்தைப் பார்த்துவிட்டு மூடினான். பக்கத்தில் இருந்த சிறுமி தன் புத்தகத்தில் ஒரு வரியைச் சத்தமாக வாசித்ததும் தன் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினான். 4.18. முதல் வரியைத் தானே எழுத்துக்கூட்டினான். மூன்றாவது சொல்லில் நின்று அவளைப் பார்த்தான். அவள் முதல் எழுத்தை மட்டும் சொன்னாள். மீதியை அவன் முடித்தான்.” இதைப் படிக்கிற எவருக்கும் அண்மை வளர்ச்சி மண்டலம் கண்ணெதிரே தெரியும். ஆர்வம் இல்லை என்ற முதல் தீர்ப்பு தவறு என்பதும் தெரியும். களத்தில் இருக்கும்போது சொற்களாக மட்டும் கிறுக்கிக்கொண்டு, அன்றைக்கே தூங்குவதற்கு முன் விரித்து எழுதிவிடுங்கள். ஒரு நாள் தள்ளினால் நேரமும் வரிசையும் போய்விடும், மிஞ்சுவது உங்கள் அபிப்பிராயம் மட்டும்தான். பக்கத்தின் ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விட்டு, விளக்கத்தையும் சந்தேகத்தையும் அங்கே மட்டும் எழுதுங்கள். மேற்கோள் குறி, சொன்னவர் வாயிலிருந்து அப்படியே வந்த சொற்களுக்கு மட்டும்.

நேர்காணலுக்கு எட்டு முதல் பத்துக் கேள்விகள் போதும். “மையத்தின் நேரமும் ஆசிரியர்களும் உங்களுக்குத் திருப்தியா?” என்பது இரண்டு கேள்வி, வரும் பதில் எதற்கு என்று பிறகு தெரியாது. “மையம் பயனுள்ளதாக இருக்கிறது அல்லவா?” என்று கேட்டால் விருந்தோம்பும் மனிதர்கள் எல்லாரும் ஆமாம் என்பார்கள். “போன வாரம் உங்கள் பிள்ளை மையத்துக்கு வந்த ஒரு நாளைச் சொல்லுங்கள்” என்று தொடங்குங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். பத்து நேர்காணல் என்று முன்மொழிவில் எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் முறை செய்கிறவருக்கு ஐந்து ஆழமான நேர்காணலே தாராளம். குழு விவாதமென்றால் ஆறு முதல் எட்டுப் பேர், குறிப்பெடுக்கத் தனியாக ஒருவர். முதலாளியையும் ஊழியரையும் ஒரே வட்டத்தில் உட்காரவைத்தால் ஊழியர் பேசமாட்டார்.

ஒப்புதல் விஷயத்தில் சமரசமே கூடாது. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வருவதற்கு முன் திரட்டிய தரவைப் பயன்படுத்த முடியாது, அனுமதிக்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் செமஸ்டர் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள். நிறுவனத் தலைவர் உள்ளே விட்டது அனுமதி மட்டுமே, அங்கிருப்பவர்களின் ஒப்புதல் ஆகாது. பிள்ளைகள் என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். “நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லியாக வேண்டும், அந்த வரம்பை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. பெயரை மாற்றினால் மட்டும் ஆளின் அடையாளத்தை மறைத்துவிட்டதாக ஆகாது. சிறிய சமூகத்தில் “அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரே மருத்துவச்சி” என்று எழுதினால் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

சமூகப் பங்கேற்பு பற்றிய தாளில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் தந்த எட்டுப் படி ஏணி கட்டாயம் வரும். கீழே இரண்டு படி பங்கேற்பே இல்லாதவை, நடு மூன்று பெயரளவு, மேல் மூன்றில் மக்களிடம் அதிகாரம் இருக்கிறது. படிகளின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட ஒரு கூட்டத்தின் பதிவைக் கையில் எடுத்து, கடைசி முடிவை யார் எடுத்தார், மக்கள் சொன்னதில் எது திட்டத்தை மாற்றியது என்று கேட்டுப் பழகுங்கள். கருத்துக் கேட்டார்கள், எதுவும் மாறவில்லை என்றால் அது நான்காம் படியான கலந்தாலோசனை. உங்கள் சொந்த மாணவர் திட்டத்தையும் இதே ஏணியில் வைத்துப் பார்த்து எழுதுகிறவர்களுக்குத் தேர்வாளர்கள் மதிப்புத் தருவார்கள். பிள்ளைகளின் பங்கேற்புக்கு ரோஜர் ஹார்ட் 1992இல் தந்த ஏணி தனி, இரண்டையும் கலக்கக் கூடாது. தேவைப் பட்டியல் போடும்போது கிரெட்ஸ்மன், மக்நைட் இருவரும் 1993இல் வலியுறுத்திய சொத்து அடிப்படையிலான அணுகுமுறையை, அதாவது சமூகத்தில் ஏற்கெனவே உள்ள ஆட்களையும் திறன்களையும் கொண்டு தொடங்குவதை, நினைவில் வையுங்கள். என்ன இல்லை என்று கேட்டுக்கொண்டே போனால், அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தையல் குழுவும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் கண்ணில் படமாட்டார்கள்.

மதிப்பீட்டில் இந்தத் துறைக்கே உரிய ஒரு பொறி உண்டு. செமஸ்டர் தொடக்கத்தில் பிள்ளைகளின் வாசிப்பை அளந்து, முடிவில் மறுபடி அளந்து, உயர்ந்துவிட்டது, திட்டம் வெற்றி என்று எழுதுவார்கள். பிள்ளைகள் எப்படியும் வளர்கிறார்கள். நான்கு மாதத்தில் பள்ளியும் வயதும் தந்த உயர்வு எது, திட்டம் தந்த உயர்வு எது என்று பிரிக்க, திட்டத்தில் இல்லாத ஒத்த குழு ஒன்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் வெற்றி என்று எழுதாமல், இந்த வரம்பை வெளிப்படையாகச் சொல்லி, எத்தனை அமர்வுக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், யார் பாதியில் நின்றார்கள் என்பதை எழுதுங்கள். அமர்வு நடத்தியது செயல்வெளியீடு, பிள்ளை மாறியது விளைவு. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

எழுத்துத் தேர்வில் சிறு சம்பவம் கொடுத்து ஆராயச் சொல்லும் கேள்விக்கு, முதலில் சம்பவத்திலுள்ள நடத்தைகளை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கருத்தை எண்ணிட்டு இணைத்துவிட்டுப் பிறகு எழுதத் தொடங்குங்கள். இரண்டு கோட்பாட்டை ஆழமாகப் பயன்படுத்துவது ஐந்தைத் தொட்டுச் செல்வதைவிட நல்லது. ஆய்வு வடிவமைப்புக் கேள்வி அநேகமாக எல்லா ஆண்டும் வரும். இருபது வயதினரையும் எழுபது வயதினரையும் ஒரே நாளில் ஒப்பிட்டால், வயதால் வந்த வித்தியாசமா, பிறந்த தலைமுறையால் வந்ததா என்று தெரியாது. ஒரே குழுவை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் ஆட்கள் விலகுவார்கள், சோதனையே பழகிவிடும். இரண்டையும் சேர்க்கும் தொடர்வரிசை முறையை ஷாயி 1965இல் முன்வைத்தது இதற்காகத்தான். குறைகளை எழுதும்போது, உளவியல் ஆய்வுகள் மேலைச் செல்வந்த நாட்டுக் கல்வி கற்றவர்களையே அதிகம் சார்ந்திருப்பதை ஹென்ரிக் குழுவினர் 2010இல் சுட்டிக்காட்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எந்தக் கோட்பாட்டின் எந்தப் பகுதி அதனால் ஆட்டம் காண்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

பதினைந்து வாரச் செமஸ்டரில் முதல் மூன்று வாரத்தைக் கேட்பதற்கும், கடைசி இரண்டு வாரத்தை, களத்தில் கண்டதை அந்த மக்களிடமே திருப்பிச் சொல்வதற்கும் ஒதுக்கிவிடுங்கள். அந்தக் கடைசி இரண்டு வாரம்தான் நெருக்கடியில் முதலில் வெட்டுப்படுகிறது. மக்களின் நேரத்தையும் பேச்சையும் வாங்கிக்கொண்டு சொல்லாமல் மறைவது அவர்களுக்குச் செய்யும் அநீதி, அடுத்து வரும் மாணவருக்கும் அங்கே கதவு திறக்காது. கண்டதை அவர்கள் பேசும் மொழியில் ஒரே பக்கமாக எழுதி, கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களும் அங்கே இருப்பார்கள். அவர்கள் “இது அப்படி இல்லை” என்று திருத்தியவற்றைத் தேதியோடு குறித்து, உங்கள் அறிக்கையின் பின்னிணைப்பில் அப்படியே சேர்த்துவிடுங்கள்.